இருபத்திரண்டு பாட்டில்கள்

குதைபியா, மனாமா, பஹ்ரைன்
20-6-2024

அன்புள்ள பாஸ்கர்,

ஒன்பதாம் வகுப்பில் நஜீஹா என்று ஒரு பெண் இருந்தாள். செல் பாடம் முடித்து, மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் எழுந்து கேட்டாள்: "டீச்சர், ஒரு செல்லுக்கு உடம்பு முடியாமப் போனா, அதோட வேலையை யாரு பார்ப்பாங்க?" வகுப்பே சிரித்தது. "பக்கத்துச் செல்கள் பார்த்துக்கொள்ளும், உட்கார்" என்று சொல்லிவிட்டுப் பலகையை அழித்தேன். பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெண் உட்கார்ந்த விதத்திலேயே அது போதவில்லை என்று தெரிந்தது.

பதினாறு வருஷத்துக்குப் பிறகு இப்போது நஜீஹா எதற்கு என்றால், ஆகஸ்ட் மாதம் இங்கே பெண்கள் வாசிப்பு வட்டத்தில் என்னை ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ருடால்ஃப் விர்ச்சோவைப் பற்றிப் பேசப் போகிறேன். நீ நர்ஸிங் படிக்கும்போது அவர் பெயரை மனப்பாடம் செய்திருப்பாய். நோய் உடம்பின் செல்களில் தொடங்குகிறது என்று மைக்ரோஸ்கோப்பை வைத்துக் காட்டியவர். ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்துதான் வரும் என்று அடித்துச் சொன்னவர். உடம்பு ஒரு நாடு, செல்கள் அதன் குடிமக்கள் என்று நினைத்தவர். அவர் ஒரு முறை காய்ச்சலுக்கு மருந்து தேடிப் போன கதை ஒன்று உண்டு. நீ பதில் எழுதினால் அதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

நீ போனை எடுப்பதில்லை. என் பணிநிறைவு விருந்திலிருந்து பிரியாணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். பதினைந்து மாதம் ஆகிறது. உன் தொழிலாளர் கேம்ப் கிளினிக்குக் கிடைத்த ஷீல்டின் போட்டோவை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாய். "உன் கேம்பில் யாருக்கும் நோய் இல்லையா, நோய் இருப்பவர் யாரும் உன்னிடம் வருவதில்லையா?" என்று நான் கேட்டேன். சிரிப்பு வரும் என்று தெரிந்தே கேட்டேன். அது என் தப்பு.

கடிதத்தைச் சாதிக் பாட்ஷா பாய் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஜவுளி விஷயமாக அவர் பத்து நாளுக்கு ஒரு தடவை தோஹா வருகிறார். நீ வாங்காவிட்டாலும் அவர் போகமாட்டார். டீ குடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

இந்த வெயில் காலம் உன் ஆட்களுக்கு எப்படிப் போகிறது? அதை மட்டுமாவது எழுது.

உன் அக்கா
உமாராணி


கேம்ப் கிளினிக், ராஸ் லஃபான், கத்தார்
29-6-2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாதிக் பாய் மூன்று டீ குடித்தார்.

நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். வெயில் காலம் மிக நன்றாகப் போகிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரே சீசனில் பதினோரு பேர் சைட்டில் மயங்கி விழுந்தார்கள். அதன் பிறகு நான் ஒரு முறை கொண்டுவந்தேன். கம்பெனி சொல்லி இல்லை, நானே யோசித்தது. உயரத்தில் வேலை செய்யும் நாலு கேங்குக்கும் ஞாயிறுதோறும் டியூட்டி பஸ் கிளம்பும் முன் சிறுநீர் டெஸ்ட். ஆளுக்கு ஒரு பாட்டில், அதில் அவன் நம்பர். கலர் சார்ட்டில் வைத்துப் பார்ப்பேன். பால் விடாத சுலைமானி டீ மாதிரிக் கறுத்திருந்தால் உடம்பில் நீர் இல்லை என்று அர்த்தம். அவனுக்கு இரண்டு நாள் ஹோல்ட். சைட்டுக்குப் போகக்கூடாது. ரூமில் இருந்து தண்ணீர் குடிக்க வேண்டும்.

அடுத்த சீசனில் மயங்கியவர்கள் இரண்டே பேர். அதற்குத்தான் ஷீல்ட். உங்கள் விருந்தாளிகளுக்கு வேடிக்கையாக இருந்த அதே ஷீல்ட். இந்த வருஷம் இதுவரை ஒருவரும் இல்லை. சாரம் கட்டுகிற ராக்கப்பன் கேங்கில் இருபத்திரண்டு பேர், எல்லாரும் ராமநாதபுரம் பக்கம். ஏப்ரலிலிருந்து ஒரு ஹோல்ட்கூட இல்லை. தங்கமான ஆட்கள்.

ஒரே ஒரு சங்கடம். நீங்கள் அறிவியல் டீச்சர் என்பதால் எழுதுகிறேன். இதுவரை கலர் மட்டும்தான் பார்த்தோம். இந்த மாதம் சிறுநீரில் முக்கிப் பார்க்கும் புது ஸ்ட்ரிப் வந்திருக்கிறது. அது சர்க்கரையும் காட்டும். போன ஞாயிறு ராக்கப்பன் கேங்கின் இருபத்திரண்டு பாட்டிலிலும் சர்க்கரை. வேறு டப்பா உடைத்துப் பார்த்தேன். அதே. மற்ற மூன்று கேங்கில் ஒரு பாட்டிலில்கூட இல்லை. கம்பெனி டாக்டருக்கு எழுதினேன். சர்க்கரை உள்ளவன் சாரத்தில் ஏறக்கூடாது, ஜூலை ஏழாம் தேதி வரையிலான டெஸ்ட்டுகளிலும் இப்படியே வந்தால் இருபத்திரண்டு பேரையும் அன்ஃபிட் போட்டு ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று பதில் வந்திருக்கிறது. இவர்கள் மெஸ்ஸின் தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் விர்ச்சோவுக்கு விடை தெரிந்தால் எழுதவும்.

இப்படிக்கு
விஜயபாஸ்கர்


குதைபியா
3-7-2024

அன்புள்ள பாஸ்கர்,

சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால்தான் எனக்கு 'நீங்கள்' போடுவாய். நாலு இடத்தில் போட்டிருக்கிறாய் என்று என் மகள் ஜோதிமணி எண்ணிச் சொன்னாள். அவளுக்கு மாமாவின் கடிதம் என்றால் சினிமா பார்ப்பது மாதிரி.

ஏழாம் தேதிக்கு முன் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று இதை அவள் போனிலிருந்தே போட்டோவாக அனுப்பச் சொல்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருஷம் அரையாண்டுத் தேர்வில் என் வகுப்பில் முப்பத்தோரு பேர் மனித இதயத்துக்கு ஐந்து அறைகள் என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தோரு பேரும் நாலு என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். தப்பு ஒரே மாதிரி இருந்ததால்தான் தெரிந்தது, முப்பத்தோரு விடைத்தாளுக்கும் மூலம் ஒரே தாள்.

இருபத்திரண்டு பேர் ஒரே ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை நோயாளி ஆவதில்லை, பாஸ்கர். தொட்டியைப் பார்க்காதே. ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்துதான் வரும் என்றார் அந்த மனிதர். உன் இருபத்திரண்டு பாட்டிலும் எந்தப் பாட்டிலிலிருந்து வந்தன?

கோபப்படாதே. இது ஷீல்டைப் பற்றிய கேலி இல்லை. அந்த ஒருவர் யாரோ, அவருக்கு உண்மையிலேயே சர்க்கரை இருக்கிறது. இருபத்திரண்டு பேரைத் தேடும்போது அவரைத் தவற விட்டுவிடாதே.

சொல்வதாகச் சொன்ன கதை இது. 1848இல் சிலேசியா என்ற ஏழைப் பகுதியில் டைஃபஸ் காய்ச்சல். விர்ச்சோவுக்கு அப்போது இருபத்தாறு வயது. போய்ப் பார்த்துவிட்டு வா என்று பிரஷ்ய அரசாங்கம் அனுப்பியது. போனவர் நோயாளிகளின் உடம்பை மட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போனார், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார், எந்த மொழி பேசுகிறார்கள் என்று கேட்டார். திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் மருந்துப் பட்டியல் எதிர்பார்த்தவர்களுக்கு வேறொன்று கிடைத்தது. அவர்கள் மொழியில் பள்ளிக்கூடம் வேண்டும், சாலை வேண்டும், நியாயமான கூலி வேண்டும், தங்களைத் தாங்களே ஆளும் உரிமை வேண்டும். இதுதான் சிகிச்சை என்றார்.

அவரும் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் இல்லை. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று பிற்பாடு மற்றவர்கள் சொன்னபோது லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போய்ப் பார்த்தார். நீயும் ஞாயிறு காலை பாட்டில் நிறையும் இடத்துக்குப் போ. பிடிக்கப் போகாதே, பார்க்கப் போ.

உன் அக்கா


கேம்ப்
7-7-2024, ஞாயிறு

அக்கா,

சாதிக் பாய் வரும்வரை பொறுக்க முடியாது. நானும் இதைப் போட்டோ எடுத்து ஜோதிமணி போனுக்கு அனுப்புகிறேன். உன் நம்பரை இன்னும் பிளாக்கிலிருந்து எடுக்கவில்லை. அது வேறு விஷயம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஆத்திரத்தில் இருந்தேன். இந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷ சர்வீஸ். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா என்று நினைத்தேன். இன்று விடியற்காலை குளியலறைகள் இருக்கும் வாஷ் பிளாக்குக்குப் பின்னால் போய் நின்றேன்.

மெஸ் சமையல்காரன் மாயாண்டி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு கெட்டில். எதிரே வரிசை. கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் ஒவ்வொருவனும் பாட்டிலை நீட்டினான்.

"அண்ணே, எனக்குக் கொறச்சலா இருக்கு."

"போன வாரம் உனக்குத்தானடா கூட ஊத்துனேன்? மேல கொஞ்சம் பச்சத் தண்ணி விட்டுக்க, போ."

அப்போது ஒருவன் என்னைப் பார்த்துவிட்டான். "கலாஸ்" என்றான். அரபியில் முடிந்தது என்று அர்த்தம். நீட்டிய பாட்டில்கள் முதுகுக்குப் பின்னால் போயின.

மாயாண்டிதான் முதலில் பேசினான். "சார், தப்பா நினைக்காதீங்க. இது டீ போடுற கெட்டில் இல்ல. இதுக்குன்னே தனியா வாங்குனது."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ராக்கப்பன் முன்னால் வந்து நின்றான். நாற்பத்தைந்து வயது ஆள், கேங்குக்கு அவன்தான் ஃபோர்மேன். "எழுதுறதுன்னா என் பேரை எழுதுங்க சார். இவன் நல்ல மனசுல குடுத்தான்."

"எதுக்குய்யா இந்தக் கூத்து?"

"எங்க பாட்டில் சுலைமானி கலர்ல இருக்கும் சார். நீங்க ஹோல்டு போடுவீங்க. அவன் ரெண்டு நாளு ரூம்ல படுத்திருப்பான். அவன் தூக்குற பைப்பை யாரு தூக்குறது? மத்தவன்தான். அஞ்சு பேரு வேலைய நாலு பேரு செஞ்சா, அடுத்த ஞாயித்துக்கெழம அந்த நாலு பேரு பாட்டிலும் கறுத்துப்போவும். அப்புறம் அந்த ஒருத்தன்தான் எல்லா வேலையும் செய்யணும். போன வருஷம் அப்பிடித்தான் சார் ஆச்சு."

உன் நஜீஹா ஞாபகம் வந்தது, அக்கா.

"அதுக்குத் தண்ணி குடிக்கலாம்ல?" என்றேன். பின்னால் யாரோ மூக்கால் சிரித்தான். "குடிக்கலாம் சார்" என்றான் ராக்கப்பன். 

"மாயாண்டியோடது மட்டும் எப்படி வெள்ளையா இருக்கு?"

"அது வரம் சார்!" என்று மாயாண்டியே சொன்னான். "எப்பக் கேட்டாலும் வரும், எவ்வளவு கேட்டாலும் வரும். குடிச்சுக்கிட்டே இருப்பேன், போய்க்கிட்டே இருப்பேன். ராத்திரி நாலு வாட்டி எந்திரிக்கிறேன்னா பாத்துக்கங்க."

 முப்பது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவன் நான். அந்தத் தாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், தெரிந்திருக்கும். மாயாண்டி தினம் என் ஜன்னலைத் தாண்டித்தான் மெஸ்ஸுக்குப் போகிறான். கிளினிக்குக்கு அழைத்துப் போய் விரலில் குத்திப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு.

இன்றைய டெஸ்ட்டை ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் டாக்டருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நடந்ததை எழுதினால் போலி சாம்பிள் கொடுத்ததாக இருபத்திரண்டு பேருக்கும் வேலை போகும், மாயாண்டிக்கும்தான். எழுதாமல் விட்டால் சர்க்கரை நோயாளிகள் என்று ஊருக்கு அனுப்புவார்கள். எப்படி எழுதினாலும் விமானத்தில்தான் முடிகிறது.

என்ன செய்யட்டும்?

பாஸ்கர்


குதைபியா
8-7-2024

பாஸ்கர்,

ஜோதிமணி போனில் மூன்று தடவை படித்தேன். கெட்டிலைப் படித்துவிட்டுச் சிரித்து, நானூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினேன். முதலில் மாயாண்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அறிக்கை வியாழக்கிழமைதான், அவருக்கு அவ்வளவு நாள் தாங்காது.

என்ன எழுதுவது என்று நீ கேட்கிறாய். எனக்குத் தெரியாது. எதையும் எழுதும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு என்று மட்டும் தெரியும், ஏனென்றால் நான் அதைச் செய்யாமல் ஒரு வருஷம் வீணாக்கியிருக்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எட்டாம் வகுப்புப் பெண்கள் தண்ணீர் பாட்டிலை நிறையக் கொண்டுவந்து நிறையவே திருப்பிக் கொண்டுபோவார்கள். தலைவலி என்பார்கள், மதியத்தில் தூங்கி விழுவார்கள். நான் சிறுநீரகம் பாடத்தை இரண்டு தடவை நடத்தினேன். படம் வரைந்து ஒட்டினேன். ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் என்று தினமும் சொல்ல வைத்தேன். பரீட்சையில் எல்லாரும் சரியாக எழுதினார்கள். பாட்டில் மட்டும் நிறைந்தே போனது. கடைசியில் பள்ளியில் துப்புரவு வேலை செய்த சரசுதான் சொன்னாள்: "டீச்சர், அந்த மாடி பாத்ரூம்ல ரெண்டு கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. பிள்ளைக எப்படிப் போகும்?"

தாழ்ப்பாள், பாஸ்கர். ஒரு வருஷமாக நான் சிறுநீரகத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது ஒரு தாழ்ப்பாள். நாற்பது படி ஏறிப் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உன்னைப் பார்த்து எல்லார் முன்னாலும் அந்தக் கேள்வி கேட்டது இப்படிப்பட்ட நான்தான் என்று தெரிந்துகொள்.

"குடிக்கலாம் சார்" என்று ராக்கப்பன் சொன்னதைத் திரும்பப் படி. 'குடிக்கிறோம்' என்றும் சொல்லவில்லை, 'முடியாது' என்றும் சொல்லவில்லை. அவர்களோடு ஒரு காலை சாரத்தில் ஏறு. அவர்கள் போட்டிருக்கிறதையெல்லாம் நீயும் போட்டுக்கொள். காலையிலேயே நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறு. மற்றதை உன் உடம்பே சொல்லும்.

அக்கா


கேம்ப்
11-7-2024, வியாழன்

அக்கா,

மாயாண்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். சரியாகிவிடுவான் என்கிறார்கள்.

நேற்று ஏறினேன். ஐம்பத்தாறு வயதில், உன் பேச்சைக் கேட்டு, இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு.

வெயில் கால விதிப்படி காலை ஐந்திலிருந்து பத்து வரை வேலை, பிறகு மதியம் மூன்றரைக்கு மேல்தான். அதனால் வெயில் அவ்வளவு இருக்காது என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். கடல் பக்கம் என்பதால் காற்றே ஈரத் துணி மாதிரி முகத்தில் ஒட்டுகிறது. பாதுகாப்பு பெல்ட், ஹெல்மெட், ஷூ, முழுக்கை சட்டை. நாலாவது தட்டில் நின்றோம். ஏழு மணிக்கு எனக்கு வந்துவிட்டது.

"போய்ட்டு வாங்க சார், நாங்க நிக்கிறோம்" என்றான் ராக்கப்பன். முகத்தில் ஒரு பவ்யம். பின்னால் இருபது பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கொக்கியைக் கழற்றிக் கழற்றி மாட்டி ஏணியில் இறங்க ஐந்து நிமிடம். அடியில் சூப்பர்வைசரிடம் அடையாள டேக்கைக் கொடுத்துக் கையெழுத்துப் போட மூன்று நிமிடம். அந்த வேலைப் பகுதிக்குள் கழிப்பறை கிடையாது. கேட்டுக்கு வெளியே குழாய் அடுக்கி வைத்திருக்கும் இடத்தைச் சுற்றிப் போனால் நாலு கேபின். நடை ஏழு நிமிடம். அங்கே மூன்று கம்பெனி ஆட்கள் வரிசையில். கடைசியில் என் மானம் தப்பியது மயிரிழையில், அதற்கு மேல் எழுதமாட்டேன். ஏறி வந்து நின்றபோது கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிடம். டீ பிரேக் பதினைந்து நிமிடம்.

"லேட்டா வந்தா பேரு எழுதுவாங்க சார். மூணு பேரு எழுதுனா கேங்கையே மாத்துவாங்க" என்றான் ஒருவன். "அதனால ராத்திரி படுக்கும்போது ஒரு வாய். அப்புறம் பத்து மணிக்குத்தான்."

நான் அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. யாரும் சொல்லவில்லை, தானாகவே குடிக்கவில்லை. இன்று விடியற்காலை ராக்கப்பன் கிளினிக் வாசலில் வந்து நின்றான். "சார், உங்க பாட்டிலக் காட்டுங்க."

காட்டினேன். சுலைமானி. "பால் சேத்தாலும் வெளுக்காது போல சார்" என்றான். என் விதிப்படி எனக்கு இரண்டு நாள் ஹோல்ட்.

அறிக்கை அனுப்பிவிட்டேன். கெட்டிலை மறைக்கவில்லை. ஆனால் அதிலிருந்து தொடங்கவும் இல்லை. முதல் வரி இதுதான்: கறுத்த பாட்டில் கொடுத்தவனைத் தண்டிக்கிற முறையை நான் கொண்டுவந்தேன், அதனால் கறுத்த பாட்டில் வருவது நின்றது. இரண்டாவது, கழிப்பறைக்குப் போய்வர முப்பத்தெட்டு நிமிடம் என்பது. மூன்றாவது, இருபத்திரண்டு பேருக்கும் சர்க்கரை இல்லை, சர்க்கரை உள்ள ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நடவடிக்கை எடுப்பதென்றால் என்னிடமிருந்து தொடங்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அனுப்பிய பிறகு நகலை நாலு தடவை படித்துவிட்டேன். என் வேலை போனால் பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். போனால் கஷ்டம்தான். அவர்கள் வேலை போனால் அதைவிடக் கஷ்டம்.

பாஸ்கர்


குதைபியா
12-7-2024

பாஸ்கர்,

அந்த அறிக்கைக்கு அடுத்த வருஷமே விர்ச்சோவுக்கும் பெர்லின் ஆஸ்பத்திரி வேலை போனது. அரசியலும் பேசினார், அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. தைரியம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பதிலுக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நகரத்துக்கு ஒழுங்கான சாக்கடை வேண்டும் என்று நகரசபையில் உட்கார்ந்து வாதாடியவரும் அதே ஆள்தான்.

விருந்தில் நான் கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விடை தெரிந்துவிட்டதால் இல்லை. அதை உன்னிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும், கேட்டுவிட்டு உன்னோடு நடந்தும் வந்திருக்க வேண்டும்.

தண்ணீர் குடி.

அக்கா


கேம்ப்
24-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். உன் நம்பரை ஜூலை பதிமூன்றாம் தேதியே திறந்துவிட்டேன், அதை நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் முடிவு தெரியாமல் பேச வாய் வரவில்லை. இப்போது தெரிந்துவிட்டதால், ஆரம்பித்த மாதிரியே எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரம் ஒரு பதிலும் இல்லை. கேங் தினமும் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது. நான் ஹோல்ட் முறையை அன்றே நிறுத்திவிட்டேன். ஆகஸ்ட் முதல் வாரம் டாக்டர் நேரில் வந்தார். முதலில் திட்டினார். ராக்கப்பனையும் கூப்பிட்டுத் திட்டினார். ராக்கப்பன் குனிந்த தலை நிமிராமல், "சார், ஒரு வாட்டி நடந்து பாருங்க சார்" என்று மட்டும் மூன்று தடவை சொன்னான். டாக்டர் ஏறவில்லை, அடியிலிருந்துதான் நடந்தார். ஏசி காரிலிருந்து இறங்கிய ஷூவோடு. திரும்பி வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. யாரையும் திட்டவில்லை.

வேலை யாருக்கும் போகவில்லை. இருபத்திரண்டு பேருக்கும் எனக்கும் எச்சரிக்கைக் கடிதம். என் சர்வீஸில் முதல் எச்சரிக்கை. அதை ஒளித்துவைக்க இடம் தேடினேன், பிறகு ஃபைலிலேயே வைத்துவிட்டேன். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி கிரேன் வந்து மூன்று கேபின்களைத் தூக்கிச் சாரத்துக்கு அடியிலேயே வைத்தது. கேங்கே கைதட்டியது. கழிப்பறை வந்ததற்குக் கைதட்டின கேங்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது பாட்டில் கறுத்தால் ஹோல்ட் கிடையாது. நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஒரு பாட்டில். அதுவரை அவன் பக்கத்து ஆளும் கூட உட்காருவான், வேலை காத்திருக்கும். முதல் வாரம் பதினாலு கறுப்புப் பாட்டில் வந்தது. போன ஞாயிறு மூன்று. எல்லாம் அவரவருடையது. பதினாலு பாட்டிலை மேஜையில் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள்.

கணக்கில் அது கெட்ட பெயர்தான். கம்பெனியின் கேம்ப் பட்டியலில் நாங்கள் கடைசி. ஷீல்டை வேறு கேம்புக்குக் கொடுக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அலமாரியில் அது இருந்த இடம் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. மறுநாள் மாயாண்டி அந்தக் கெட்டிலைத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து அங்கே வைத்தான். "மாத்திக் குடுக்கச் சொல்ல மாட்டாங்க சார், இது நம்ம கேம்போடதுதான்." அது அங்கேயேதான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் டீ இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

மாயாண்டிக்குச் சர்க்கரை நூற்று அறுபதுக்கு வந்துவிட்டது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான். ராத்திரி எழுந்திருப்பதில்லை. "வரம் போச்சு சார்" என்று பெருமூச்சு விடுகிறான். "இப்ப எல்லாரையும் மாதிரி ஆயிட்டேன்." மெஸ்ஸில் பாயசம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று கேங் என்மேல் கடுப்பில் இருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் லீவு. ஊருக்குப் போகும் வழியில் குதைபியாவில் இரண்டு நாள் தங்குவேன். அன்றைக்கு வைத்துவிட்டு வந்த பிரியாணி பாக்கி இருக்கிறது.

உன் தம்பி
பாஸ்கர்


குதைபியா
31-8-2024

அன்புள்ள பாஸ்கர்,

நம்பரைத் திறந்ததை அன்றே கவனித்தேன். நீயாக முதலில் கூப்பிட வேண்டும் என்று நானும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே.

நேற்று வாசிப்பு வட்டத்தில் பேசினேன். விர்ச்சோவின் பிறந்த ஊர், படிப்பு எல்லாம் குறித்து வைத்திருந்தேன். அதில் பாதியைத் தாண்டவில்லை. சிலேசியாவைச் சொன்னேன், தாழ்ப்பாளைச் சொன்னேன். பெயரையும் ஊரையும் மறைத்து உன் கெட்டிலையும் சொன்னேன், மன்னித்துவிடு. சிரித்து முடித்த பிறகு ஹஃபீஸா எழுந்தாள். இந்தத் தெருவிலேயே பதினெட்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறவள். "டீச்சர், என் கடையில பாத்ரூம் கிடையாது. காலையில வீட்டுல குடிச்சா குடிச்சதுதான். மூணு பொண்ணுங்க எங்கிட்ட வேலை பாக்குறாங்க. அவங்களும் குடிக்கிறதில்ல. இது வரைக்கும் நான் கேட்டதும் இல்ல" என்றாள். அவள் உட்காரவே இல்லை. அவளுக்குப் பின்னால் வரிசையாகக் கைகள் உயர்ந்தன. நான் தயாரித்த குறிப்பை மூடிவிட்டேன். கடைசியில் பக்கத்துக் கடைக்காரரிடம் அவர் கழிப்பறைச் சாவியைக் கேட்பது என்று முடிவாயிற்று. இன்று காலை நாங்கள் நாலு பேர் ஹஃபீஸாவோடு போய்க் கேட்டோம். அந்த மனிதர் ஆச்சரியப்பட்டார். "இத்தனை வருஷமா கேட்கவே இல்லையே!" என்று சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நஜீஹாவுக்கும் இப்போது பதில் சொல்லிவிடலாம். பக்கத்துச் செல்கள்தான் வேலையைப் பார்க்கும். அவையும் கறுத்துப்போகும் வரை பார்க்கும், ஒன்றும் சொல்லாது. இந்த இரண்டாவது பாதியை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மணி அடித்தால் என்ன, ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது.

பிரியாணிக்குச் சாதிக் பாய் வீட்டில் அஸ்மத் பீவியிடம் சொல்லிவிட்டேன். ஷீல்டின் போட்டோ வேண்டாம், கெட்டிலின் போட்டோ கொண்டு வா.

இதைப் படித்து முடித்ததும் ஒன்று செய். பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, இன்று கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று கேள். "குடிக்கலாம்" என்று பதில் வந்தால், கழிப்பறை எங்கே என்று கேட்டு, அதுவரை அவரோடு நடந்து போய்விட்டு வா.

உன் அக்கா
உமாராணி